பயண ஒளிப்படங்கள்: கறுப்பு வெள்ளையா, வண்ணமா?

பயணத்தில் எடுக்கும் படம் வண்ணத்தில் இருக்க வேண்டுமா, கறுப்பு வெள்ளையில் இருக்க வேண்டுமா என்பது படச்சுருள் காலத்தில் கடையிலேயே முடிவாகிவிடும். கேமராவில் எந்தச் சுருளை மாட்டினோமோ, 36 படங்களும் தீரும்வரை அதுதான். இன்று வீடு திரும்பிய பிறகும் ஒரே தொடுதலில் மாற்றிக்கொள்ளலாம். இந்த வசதியோடு ஒரு பழக்கமும் வந்துவிட்டது. வண்ணத்தில் சுமாராக வந்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அதைக் கலைப்படம் என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் வண்ணத்தை நீக்குவது படத்திலிருந்து ஒரு வகைத் தகவலை நீக்குவதாகும். நீக்கிய பின் எஞ்சுவது போதுமா என்பதே கேள்வி.

வண்ணம் சாம்பலாகும் விதம்

டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று அளவுகளால் ஆனது. அதைச் சாம்பல் நிறமாக்கும்போது பரவலாகப் பயன்படும் ஒரு கணக்கில் சிவப்பின் 29.9 விழுக்காடு, பச்சையின் 58.7 விழுக்காடு, நீலத்தின் 11.4 விழுக்காடு ஆகியவை கூட்டப்படுகின்றன. மனிதக் கண் பச்சை ஒளியை மற்ற இரண்டையும்விட வெளிச்சமாக உணர்வதால் இந்த வேறுபாடு.

வயலில் சிவப்புச் சேலை கட்டி நாற்று நடும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். சேலையின் அளவுகள் 200, 40, 40 என்றும், பயிரின் அளவுகள் 40, 120, 60 என்றும் இருந்தால், மேற்கண்ட கணக்கின்படி சேலைக்கு ஏறக்குறைய 88, பயிருக்கு 89 என்ற சாம்பல் மதிப்பு கிடைக்கும். கண்ணைப் பறித்த சிவப்பு வயலோடு கலந்து காணாமல் போகும். வண்ணத்தில் நன்றாக இருக்கும் படம் கறுப்பு வெள்ளையிலும் நன்றாகவே இருக்கும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பொய்க்கிறது. மென்பொருளில் சிவப்பின் பங்கை மட்டும் கூட்டினால் சேலை வெளிறித் தனியாகத் தெரியும்; நீலத்தைக் குறைத்தால் வானம் இருண்டு மேகம் எடுப்பாகும். படச்சுருள் காலத்தில் லென்சுக்கு முன் சிவப்பு அல்லது மஞ்சள் ஃபில்டரை மாட்டி இதைச் செய்தார்கள்.

இரண்டு கோயில்கள்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கோபுரங்களில் சுதைச் சிற்பங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, பல வண்ணம் தீட்டப்பட்டுள்ளன. ஓர் உருவத்தை அடுத்த உருவத்திலிருந்து பிரித்துக் காட்டுவதில் அந்த வண்ணத்திற்குப் பெரும் பங்கு உண்டு. வண்ணத்தை எடுத்துவிட்டால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குச் சொரசொரப்பான ஒரு முக்கோணம்தான் எஞ்சும்.

1010-இல் முதலாம் இராசராசன் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் வேறு வகை. அது கருங்கல், பக்கவாட்டில் விழும் காலை வெயிலில் ஒவ்வொரு தளமும் தன் நிழலை வீசுகிறது. அங்கே படத்தைத் தாங்குவது நிழல். கறுப்பு வெள்ளை அதைக் கெடுக்காது, கூர்மையாக்கும். ஆனால் அதே விமானம் மாலையில் பொன்னிறமாகும் சில நிமிடங்களில் முடிவு தலைகீழாகிவிடும். ஆகவே இடத்தை வைத்து மட்டுமல்ல, வேளையை வைத்தும் தீர்மானிக்க வேண்டும். தஞ்சைக் கோயிலை 1858-இல் படமெடுத்த லின்னேயஸ் டிரைப்புக்கு இந்தத் தேர்வே இல்லை. அக்கால வேதிப்பொருள்கள் நீல ஒளிக்கே மிகுதியாக வினைபுரிந்ததால், பழைய படங்கள் பலவற்றில் வானம் வெறும் வெள்ளையாக இருக்கிறது.

பழமை என்னும் தோற்றம்

வண்ணமில்லாத படத்தைப் பார்த்ததும் மனம் அதைக் கடந்த காலத்தில் வைத்துவிடுகிறது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தைப் பலர் கறுப்பு வெள்ளையில் காட்டுவது இதனால்தான். சுவரின் அரிப்பும் மணலும் அதில் நன்றாகவே வரும். ஆனால் அருகே சங்கும் சிப்பியும் விற்கும் கடைகளின் வண்ணப் பொருள்களும் கடலின் நீலமும் மங்கிவிடும். இன்றும் மக்கள் பிழைப்பு நடத்தும் இடம் செத்த ஊராகத் தோன்றும். புயலைப் பற்றிய படம் என்றால் அது சரி. இன்றைய தனுஷ்கோடியைப் பற்றியது என்றால் அது பொய்க்கு மிக அருகில் நிற்கிறது.

இந்தியாவைப் படமெடுத்தவர்களிடையே இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெசோன் 1948-இல் ஸ்ரீநகரில் மலைச்சரிவில் நின்று தொழும் பெண்களை எடுத்த படத்தில், உருவங்களின் நிலையும் தொலைவில் பரவும் ஒளியுமே எல்லாம், வண்ணம் தேவைப்படவில்லை. 1966-இல் ஜெய்ப்பூரில் அவர் பணிபுரிவதை நேரில் கண்ட ரகுபீர் சிங் (1942–1999) வேறு வழியில் போனார். இந்திய வாழ்விலும் ஓவிய மரபிலும் வண்ணம் பிரிக்க முடியாதது என்று வாதிட்டு, கங்கையையும் ராஜஸ்தானையும் வண்ணத்திலேயே எடுத்தார். அவருடைய கூட்டம் நிறைந்த தெருக்காட்சிகளில் யார் எங்கே நிற்கிறார் என்பதையே வண்ணம்தான் பிரித்துச் சொல்கிறது. என் பார்வையில், சந்தை, திருவிழா, உணவு ஆகியவற்றுக்கு ரகுபீர் சிங்கின் வழியே பொருந்தும். மூடுபனி, மழை, முகச் சுருக்கம், ஒற்றைச் சன்னல் வெளிச்சம் போன்றவற்றுக்கு மற்றவரின் வழி.

எடுக்கும்போது

ரா கோப்பும் ஜேபெக் கோப்பும் சேர்ந்து பதிவாகும்படி கேமராவை அமைத்து, திரையை மட்டும் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிக்கொள்ளலாம். கண்முன் சாம்பல் படம் தெரியும். ரா கோப்பில் வண்ணம் முழுதாக இருக்கும். கைப்பேசியில் வண்ணத்திலேயே எடுத்து, பிரதி ஒன்றை மட்டும் மாற்றுவது நல்லது. கறுப்பு வெள்ளையாக மட்டுமே சேமித்த ஜேபெக் கோப்பிலிருந்து அசல் வண்ணத்தை மீட்க முடியாது. செயலிகள் அதற்குப் பூசுவது ஊகித்த வண்ணமே.