நாட்காட்டிச் சித்திரங்கள்

சித்திரக் காட்சிசாலை எங்குளது என வினவுவார்க்கு, 1851ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையைச் சுட்டுதல் வழக்கம். இராஜபாளையத்தினின்றும் அத்துணைத் தூரம் செல்ல இயலாதார்க்குச் சித்திரக் காட்சி வாய்க்காதோ? வாய்த்தே உளது; அதனைக் காட்சிசாலையென நாம் கருதாமையே குறை.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில், அரிசிக்கடையாயினும் வெற்றிலைக்கடையாயினும், நாட்காட்டி தொங்காத சுவர் அரிது. அவற்றை அச்சிட்டுத் தருவது அண்மையிலுள்ள சிவகாசி. அச்சித்திரங்களுக்கு நெறி வகுத்தோருள் முதன்மையானவர் சி. கொண்டையராஜு (1898-1976). சென்னை ஓவியக் கலாசாலையிற் பயின்ற இவர், நாடகக் குழுவினர்க்குத் திரைச்சீலை தீட்டி ஊரூராகச் சென்று, 1940களில் கோவில்பட்டியில் நிலைகொண்டார். டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் முதலிய மாணாக்கர் அவரைச் சூழ்ந்தனர்.

இவர் சித்திரங்களை உற்று நோக்குவார்க்கு நாடகமேடை புலனாகும். நடுவே தெய்வ உருவம் நம்மை நேர்நோக்கி நிற்கும். இருமருங்கும் தூணும் மடித்த திரையும் அமையும். பின்னே சோலையோ மலையோ தொலைவிற் குறுகித் தோன்றும். தொலைவு காட்டும் இம்முறை மேனாட்டது. உருவத்தின் அணியும் நிலையுமோ நம் கோயிற் சிற்பத்தினின்றும் வந்தவை. இரண்டினையும் இணைத்ததே இவர்தம் திறம்.

நிற்க. ஆண்டாள் கோயிலில் வீரபத்திரரைத் தூணோடு ஒரே கல்லில் வடித்த சிற்பியின் பெயர் காண்போர் நாவில் வழங்குவதில்லை. எனினும் அவர் வேலை அழியாது நிற்கின்றது. கொண்டையராஜுவோ தம் சித்திரத்தின் அடியிற் கையொப்பமிட்டார். எனினும் ஆண்டு முடிந்ததும் தாள் குப்பையைச் சேர்கின்றது. கல்லுக்குப் பெயரில்லை, பெயருள்ள தாளுக்கு ஆயுளில்லை.

இக்குற்றத்திற்கு யாமும் உரியோம். மளிகைக்கடைக்காரர் என்றோ அன்புடன் அளித்த முருகன் படமொன்று எம் பாட்டியாரிடம் இருந்தது. கிறிஸ்தவ இல்லமாகலின் அதனை அவர் சுவரில் மாட்டவில்லை. அழகிய வேலையாகலின் எறியவும் மனமின்றிப் பெட்டியில் மடித்து வைத்திருந்தார். பள்ளிச் சிறுவராயிருந்த யாம் அதனை எடுத்துக் கணக்குப் புத்தகத்திற்கு மேலுறை இட்டோம். பாட்டியார் கடிந்திலர்; மடிப்பை விரலால் நீவிவிட்டு மீளத் தந்தார். உறை கிழிந்த பின்னரே மூலையிலிருந்த பெயர் எம் கண்ணிற் பட்டது.

ஆகவே எம் வேண்டுகோள் ஒன்று. நம் கலாசாலை நூல்நிலையத்தில் ஓர் அலமாரி ஒதுக்கப்படுமாயின், இத்தாள்களைச் சித்திரகாரர் பெயரும் ஆண்டும் குறித்துத் தொகுத்தல் இயலும். அன்பர்காள், நும் இல்லப் பெட்டிகளைப் புத்தாண்டிற்கு முன் ஒருமுறை திறந்து பார்மின்.