படம் நம்முடையது, மண்டபம் யாருடையது?

ஓட்டப்பிடாரம் வட்டத்துப் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகாத தோழர்கள் நம் பக்கத்தில் அநேகமாக இருக்கமாட்டார்கள். வெள்ளைக்காரன் இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டையின் நினைவாக, 1974-ம் ஆண்டு தமிழ்நாடு அரசு அங்கே ஒரு கோட்டையைக் கட்டியது. அதன் உட்சுவர்களில் கட்டபொம்மனின் வரலாறு வரிசையாக ஓவியங்களாகத் தீட்டப்பட்டிருக்கிறது. மிளகாய் வத்தலைக் களத்தில் காயப் போட்டுவிட்டு வந்த பெண்களும், தீப்பெட்டி ஆலைக்கு ஒரு நாள் மட்டம் போட்டு வந்தவர்களும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சுவரோரமாக நகர்ந்துகொண்டே பார்ப்பார்கள். ஒரு கிழவர் கைத்தடியை நீட்டி, இவர் இன்னார், அவர் இன்னார் என்று பேரனுக்குக் கதை சொல்லுவார். அந்தக் கிழவரைப் பார்த்து, "உமக்கு ஓவியம் விளங்குமா?" என்று கேட்கிறவன் அங்கே எவனும் கிடையாது.

அதே கிழவர் சென்னைப் பட்டணத்தில் ஓர் ஓவியக் கண்காட்சிக்குள் நுழைய வேண்டுமென்றால்? இந்தக் கேள்வி எனக்குச் சும்மா தோன்றியதல்ல.

சங்கப் பணியாகச் சென்னைக்குப் போயிருந்தபோது, கோவில்பட்டி நூற்பாலையில் சைடராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவரும் என்னோடு வந்திருந்தார். மாலை வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. வழியில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தைச் சீர்செய்து சிறிய ஓவியக் கூடமாக வைத்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு, வெள்ளைச் சுவர், குளிர் காற்று. நுழைவுக் கட்டணம் இல்லை என்று வெளியிலேயே எழுதியிருந்தது. ஆனாலும் அண்ணாச்சி செருப்பை வெளியே கழற்றப் போனார்! கோயிலுக்கோ முதலாளி வீட்டுக்கோ போகும்போது வரும் கூச்சம் அது. காவலுக்கு நின்ற தம்பி ஓடி வந்து, "யாரைப் பாக்கணும்?" என்றார். பேச்சைக் கேட்டதுமே தென்மாவட்டத்துக்காரர் என்று தெரிந்துவிட்டது.

"ஆளைப் பாக்க வரலை தம்பி, படத்தைப் பாக்க வந்திருக்கோம்" என்றார் அண்ணாச்சி.

தம்பிக்கு என்ன சொல்லுவது என்று தெரியவில்லை, வழி விட்டார். பிறகு பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார்: மூன்று வருஷமாக அந்த வாசலில் நிற்கிறாராம். தூசி தட்ட உள்ளே போவதுண்டு. படம் பார்க்கப் போனதில்லையாம். தடுத்தவர் யாருமில்லை. போகலாம் என்று சொன்னவரும் இல்லை.

உள்ளே இருந்தது 'சமகாலக் கலை'. அதாவது ஆளைப்போல் ஆளையும் மரத்தைப்போல் மரத்தையும் தீட்டுவதோடு நிற்காமல், துணி, கம்பி, துரு ஏறிய இரும்பு, பழைய புகைப்படம் ஆகியவற்றைக் கொண்டு இன்றைய ஓவியர்கள் படைக்கிறவை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அங்கிருந்தவற்றில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்காதது எல்லாம் உயர்ந்தது என்று கைகட்டி நிற்பது பண்ணையார் காலத்துப் புத்தி. விளங்காதது எல்லாம் மோசடி என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறுவது சோம்பேறித்தனம். இரண்டும் நமக்கு வேண்டாம்.

ஒரு சுவரில் நூற்கண்டுகளையும் ஆலைக் கோன்களையும் வரிசையாகப் பொருத்தி, அவற்றிலிருந்து இழைகளை இழுத்துத் தரை வரைக்கும் தொங்கவிட்டிருந்தார்கள். அண்ணாச்சி அதன் முன்னால் நின்றவர் நகரவேயில்லை. ஓர் இழையை விரலால் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டார். "இது நாற்பதாம் நம்பர் நூல். முறுக்குப் பத்தலை. எங்க மிஷின்ல ஏத்தினா அறுந்துக்கிட்டே இருக்கும், ஒட்டி ஒட்டிக் கை ஓஞ்சு போகும்" என்றார். அதை ஆக்கிய ஓவியப் பெண் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்தார். "அறுந்தால் எப்படி ஒட்டுவீர்கள்?" என்று கேட்டார். அண்ணாச்சி ஓடுகிற மிஷினில் இழையை ஒட்டும் விதத்தை வெறும் விரலால் காற்றில் செய்து காட்டினார். அந்தப் பெண் ஒரு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். கால் மணி நேரம் அந்தக் கூடத்தில் பேசியவர் அண்ணாச்சி, கேட்டவர் கலைஞர்.

அந்த நூற்சுவருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த விளக்க அட்டையோ ஆங்கிலத்தில் இருந்தது. ஆலையைப் பற்றி, ஆலைக்காரனைப் பற்றி, தமிழ்நாட்டில், தமிழ்ப் பெண் ஒருவர் செய்த படைப்புக்குத் தமிழில் ஒரு வரி இல்லை! கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், பூட்டை எடுக்கவில்லை.

வெளியே வரும்போது அண்ணாச்சி, "சில படத்துக்குப் பக்கத்துல சிவப்புப் பொட்டு வச்சிருக்காங்களே, நம்ம ஆளுகளோ?" என்று கேட்டார். நம்ம ஆட்கள் அல்ல. விற்றுவிட்டது என்பதற்கு அடையாளம் அது. சிவப்புக்கு அங்கே அதுதான் பொருள்.

நிற்க. சிறு கூடம் நடத்துகிறவர்கள் எல்லாரும் சீமான்கள் என்று எண்ணிவிட வேண்டாம். படம் விற்றால் விலையில் மூன்றில் ஒரு பங்கோ, பாதியோ கூடத்துக்குப் போகும். விற்காவிட்டால் வாடகையும் மின் கட்டணமும் கைப்பணம். ஆகவே வாங்கக்கூடிய கனவானைத்தான் அவர்கள் கண் தேடுகிறது. பார்க்க மட்டுமே வருகிற உழைப்பாளியால் அவர்களுக்கு வரும்படி ஏது? தனி மனிதர்களின் கெட்ட எண்ணத்தை விட இந்தக் கணக்குத்தான் நம்மை வாசலில் நிறுத்துகிறது. இந்தக் கணக்கை மாற்ற முடியாதா என்றால், மாற்றிக் காட்டியவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள்.

சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-ம் ஆண்டு அதைத் தொடங்கினார்கள். படம் தீட்டிச் சோறு தின்ன முடியாத காலம். அவர்கள் எந்தச் சீமானின் வாசலிலும் போய் நிற்கவில்லை. கூட்டாகச் சேர்ந்து பத்திக் துணி செய்தார்கள். மெழுகு தடவி, சாயம் தோய்த்து, விற்றார்கள். அந்தப் பணத்தில் கடற்கரையோரம் சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். பகலில் கைத்தொழில், மற்ற நேரத்தில் ஓவியம். தங்கள் படங்களைத் தாங்களே மாட்டிக் காட்டத் தங்களுக்கென்று கூடமும் கட்டிக்கொண்டார்கள். 2009-ல் அங்கே ஒரு கலை அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. தொழிற்சங்கம் நடத்துகிற நமக்கு இந்தக் கதை புரியாமல் போகுமா? கைத்தொழிலாளர் கூட்டுறவு என்று நாம் சொல்வது இதைத்தானே!

பணிக்கருக்கு முன் அதே கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நான்கு உழைப்பாளிகள் பாறையைப் புரட்டுகிற சிலையை ஆக்கியவர் அவரே. 1959-ம் ஆண்டு குடியரசு நாளுக்கு முந்திய நாள் அது நிறுவப்பட்டது. அதைப் பார்க்க யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. திறந்த வெளியில் நிற்கிறது. மே தினத்தில் மாலை போடுகிறோம். அதன் நிழலில் உட்கார்ந்து சுண்டல் தின்கிறோம்.

அந்தக் கல்லூரிக்கும் நம் கோவில்பட்டிக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. இளைய தோழர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. 1898-ல் பிறந்த சி. கொண்டையராஜு அங்கே பயின்றவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். 1940-களில் கம்பெனி கலைந்தபோது கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்று ஒன்றைத் தொடங்கினார். டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், மு. ராமலிங்கம், மீனாட்சிசுந்தரம் என்று மாணவர்கள் அவரைச் சுற்றி வளர்ந்தார்கள். அவர்கள் தீட்டிய படங்களைச் சிவகாசி அச்சகங்கள் காலண்டராக அடித்தன. ஜவுளிக் கடையும் மளிகைக் கடையும் தங்கள் பெயரை அடியில் போட்டு, ஆண்டுப் பிறப்புக்கு வாடிக்கைக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்தன. 1976-ல் கொண்டையராஜு மறைகிற வரைக்கும், அதற்குப் பிறகும், தமிழ்நாட்டில் அந்தப் படங்கள் தொங்காத குடிசை எது?

அவர் தீட்டியவை பெரும்பாலும் சாமி படங்கள். அந்தச் சாமிகளோடு இந்தக் கட்டுரைக்காரனுக்கு இருக்கும் வழக்கு வாசகர்கள் அறிந்ததுதான்; அதை இன்று வாபஸ் வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கிய தாய், கந்தக வாடையோடு வீடு திரும்பி, அண்ணாந்து பார்த்த ஒரே வண்ணம் அந்தக் காலண்டரில் இருந்தது என்பதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு வேறு ஓவியத்தை யார் கொடுத்தார்கள்? நாம் கொடுத்தோமா? கூட்டத்துக்குச் சுவரொட்டி அடித்தோம், தேர்தலுக்குச் சுவரில் சின்னம் வரைந்தோம், அதற்கு மேல்?

இன்னொரு சங்கதி. கொண்டையராஜு படங்கள் பலவற்றில் அவர் பெயருடன் மாணவர் பெயரும் சேர்ந்தே இருக்கும். கூட உழைத்தவன் பெயரை அழிக்காத பண்பு அது. இன்றைக்கும் பெரிய கலைஞர்கள் பலரின் பட்டறையில் பத்துப் பேர் உழைக்க, ஒரு பெயர் மட்டுமே அட்டையில் ஏறுவதைப் பார்க்கிறோம்.

ஒரு காலத்தில் 'காலண்டர் ஓவியம்' என்று மூக்கைச் சுளித்த பட்டணத்துக் கலை ரசிகர்களின் மனம் இப்போது மாறிவிட்டது. கனடா நாட்டு ஆய்வாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் கொண்டையராஜுவைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். பழைய காலண்டர்களைத் தேடிப் பிடித்துச் சேகரிக்கிறவர்களும் வந்துவிட்டார்கள். நம் வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிப் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டது, கண்ணாடி போட்ட சட்டத்தில் ஏறிக்கொண்டது! கோபப்பட வேண்டாம். காப்பாற்றியவன் கையில் பொருள் இருக்கும்.

நமக்கென்று ஓவியர்கள் இல்லாமலா போனார்கள்? 1943-ல் வங்காளத்தில் மக்கள் பட்டினியால் மடிந்தபோது, சித்தபிரசாத் என்ற இளம் கம்யூனிஸ்ட் மேதினிப்பூர் மாவட்டத்துக்குள் நடந்தே போனார். கண்டதைக் கறுப்பு மையால் வரைந்தார். கட்சிப் பத்திரிகையில் அவை வெளிவந்தன. 'பசித்த வங்காளம்' என்று புத்தகமாக அச்சிட்டபோது, பிரிட்டிஷ் அரசு சுமார் ஐயாயிரம் பிரதிகளைப் பறித்து அழித்தது. துப்பாக்கிக்குப் பயப்படுவதுபோல் கோட்டுச் சித்திரத்துக்கும் பயந்தது வெள்ளை ஏகாதிபத்தியம். தப்பிய பிரதி ஒன்று பின்னாளில் மறு அச்சாயிற்று. இன்று சித்தபிரசாத்தின் படங்கள் பெரிய கூடங்களில் தொங்குகின்றன. நம் கட்சி அலுவலகங்களில் எத்தனையில் இருக்கின்றன என்று தோழர்கள் எண்ணிப் பார்த்துச் சொல்லட்டும்.

நம் கரிசலுக்கு வருவோம். கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசி ஜூனியர் விகடனில் வந்தபோது கோட்டோவியம் போட்டவர் ஆதிமூலம். கூடங்களில் பெயர் பெற்ற நவீன ஓவியர். ஆனாலும் பெட்டிக் கடையில் தொங்கிய வாரப் பத்திரிகையில் வரைவதைக் குறைவாக எண்ணவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நம் சம்சாரிகள் பார்த்த நவீன ஓவியம் அதுதான். விளங்கவில்லை என்று எவரும் பத்திரிகையைத் தூக்கி எறிந்ததாகத் தகவல் இல்லை.

நம் நாளிலும் இருக்கிறார்கள். மதுரைப் பக்கத்து மீன் விற்கும் தாயின் மகன் எம். பழனிகுமார், சாக்கடைக்குள் இறங்கி மாண்ட துப்புரவுத் தொழிலாளரின் குடும்பங்களையும், ராமநாதபுரம் கடலில் பாசி எடுக்கும் பெண்களையும் புகைப்படமாக்கியிருக்கிறார். 2022-ல் அவருக்குத் தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது கிடைத்தது. அந்தப் படங்கள் பட்டணத்துச் சுவரில் தொங்கட்டும். பார்க்க வேண்டியவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் பாசி எடுக்கும் பெண்ணும் சாக்கடை அள்ளும் தொழிலாளியும் தங்கள் முகத்தைச் சுவரில் காண்பது எப்போது?

ஆகவே ஒரு யோசனை, பெரிய திட்டமல்ல. கோவில்பட்டியில் சங்க அலுவலகத்துக் கூட்டக் கூடம் வாரத்தில் பல நாள் பூட்டிக் கிடக்கிறது. ஒரு பக்கச் சுவருக்கு வெள்ளை அடித்தால் போதும். சனிக்கிழமை சம்பள நாள்; ஞாயிற்றுக்கிழமை திறந்து வைப்போம். தோழர்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் கொண்டையராஜு காலண்டர்களை இரவல் கொண்டுவரட்டும். சாமி இருந்தாலும் பரவாயில்லை. தீட்டியவன் நம்ம ஊர்த் தொழிலாளி. பக்கத்திலேயே இன்றைய இளம் ஓவியர்களையும் அழைத்து மாட்டச் சொல்லுவோம். அந்த நூல் தொங்கவிட்ட பெண் வரச் சம்மதம் சொல்லியிருக்கிறார். ஆலைக்காரர்கள் என்ன சொல்லுகிறார்கள் என்று கேட்க அவருக்கே ஆசை.

ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த இல்லம் நினைவில்லமாக இருக்கிறது. 1908-ல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர். செப்டம்பர் 5-ந் தேதி அவர் பிறந்தநாளுக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் மாலையோடு வருகிறார்கள், போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அன்றைக்கு ஊரில் ஒரு பந்தல் போட்டு, கயிறு கட்டி, நாற்பது படங்களைக் கிளிப் மாட்டித் தொங்கவிட என்ன செலவாகும்? ஒரு பொதுக்கூட்டத்து ஒலிபெருக்கி வாடகை ஆகாது. விளக்க அட்டை தமிழில் இருக்க வேண்டும். பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

அந்த வேலைக்கு அண்ணாச்சியைக் கேட்டிருக்கிறேன். பந்தல் வாசலில் நின்று, வருகிறவர்களை உள்ளே அழைத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்றேன். "நிக்கதெல்லாம் ஆலையிலேயே நின்னாச்சு. நாற்காலி போடுவீகளா?" என்றார். போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.