அடையாள அட்டையின் பின்பக்கம்: கொழும்பில் வாடகை வீடு தேடுவது

கொள்ளுப்பிட்டியில் வேலை கிடைத்த சந்தோசம் எனக்கு இரண்டு கிழமைதான் நீடித்தது. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் அனெக்ஸ் இருப்பதாகத் தரகர் கூட்டிப்போனார். வீட்டுக்கார அம்மா தமிழர். தேத்தண்ணி தந்தார், சம்பளம் கேட்டார், சிரித்துப் பேசினார். பிறகு அடையாள அட்டையை வாங்கிப் பின்பக்கம் திருப்பினார். விலாசம் புதுக்குடியிருப்பு. "மகளிட்டக் கேட்டிட்டுச் சொல்லுறன் தம்பி" என்றார். இன்றுவரை சொல்லவில்லை.

இப்படி ஆறு வீடுகள் கைநழுவின. ஏழாவது, வெள்ளவத்தையில் கிடைத்தது. இடையில் நான் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், வீட்டுக்காரர் எதற்குப் பயப்படுகிறார் என்று தெரிய வேண்டும். ஒரு பயம் பொலிஸ். 2007 ஜூன் 7 அதிகாலை கொழும்பு லொட்ஜுகளில் இருந்த 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவில் மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் வருத்தமும் தெரிவித்தார். ஆனால் அந்த விடியற்காலையைப் பார்த்த வீட்டுக்காரருக்கு நீதிமன்றக் கட்டளை நினைவில்லை, கதவுத் தட்டல்தான் நினைவிருக்கிறது. அவசரகாலச் சட்டம் 2011 ஓகஸ்டில் முடிந்த பிறகும் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவு இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களின் விபரத்தைப் பொலிஸ் கேட்டால் வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும். ஆகவே அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லுங்கள்: "பதிவுப் படிவம் தேவையெண்டால் நானே நிரப்பித் தாறன், அடையாள அட்டைப் பிரதியும் இருக்கு." ஏழாவது வீட்டில் நான் சொன்ன முதல் வசனம் இதுதான்.

இரண்டாவது பயம் நமக்கு அவ்வளவாகத் தெரியாதது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்கு நல்ல பாதுகாப்புத் தந்தது. அதன் கீழ் வீட்டை மீட்க வருடக்கணக்காக வழக்காடிய கதை கொழும்பில் ஒவ்வொரு பழைய குடும்பத்திலும் ஒன்று இருக்கும். 'இருக்க விட்டால் எழும்ப மாட்டான்' என்ற எண்ணம் அங்கிருந்துதான் வருகிறது. தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்ற வித்தியாசம் அதற்கில்லை.

இதற்கு மருந்து நொத்தாரிசு. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். முத்திரை ஒட்டி இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட தாள் ஒரு வருடக் குத்தகை ஆகாது. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக்குக் கொடுத்த இடத்தைக் காலம் முடிந்ததும் விரைவாக மீட்க வழி செய்கிறது. "நொத்தாரிசு உறுதி எழுதுவம், செலவு என்ர" என்று சொன்னால் வீட்டுக்காரரின் பாதிப் பயம் போய்விடும். உங்களுக்கும் அந்தக் காலம் முடியும்வரை நிம்மதி. ஆனால் அந்தச் சட்டம் இரண்டு பக்கமும் வெட்டும். திகதி முடிந்தால் கிளம்பத்தான் வேண்டும். ஆகவே புதுப்பிப்பதைப் பற்றி மூன்று மாதத்துக்கு முன்பே கதைத்துவிடுங்கள்.

பை ஒன்றில் இவற்றை எப்போதும் வைத்திருங்கள்: வேலைக் கடிதம், சம்பளச் சிட்டை, ஊர்க் கிராம உத்தியோகத்தர் தந்த வதிவிடச் சான்று, முன்பு இருந்த இடத்துக்காரரின் தொலைபேசி இலக்கம். கொழும்பில் வேலை செய்யும் ஒருவர் கூட வந்து "எனக்குத் தெரிஞ்ச பிள்ளை" என்று சொன்னால் அது எல்லாக் கடிதங்களையும் விடப் பெரிது. வெட்கம்தான், ஆனால் வேலை செய்கிறது. கிளினிக்குக்கும் பாஸ்போட்டுக்கும் ஊரிலிருந்து ஆட்கள் வந்து தங்குவார்கள் என்பதை ஒளிக்காதீர்கள். 'மாதம் ஒருக்கா, இரண்டு பேர், இரண்டு நாள்' என்று கணக்காகச் சொல்லுங்கள். தடுப்பிலோ புனர்வாழ்விலோ இருந்தவர்கள் அதை வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். குத்தகை எழுத அந்த விபரம் தேவையில்லை.

மறுத்தால் என்ன செய்யலாம்? உண்மையைச் சொன்னால், அதிகமில்லை. விரும்பிய இடத்தில் வதியும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14(1)(எச்) தருகிறது. ஆனால் அடிப்படை உரிமை மனு அரச நிர்வாகத்துக்கு எதிரானது, ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். தனியார் வீட்டுக்காரரை அது தொடாது. கடை, ஹோட்டல், உணவகம் ஆகியவற்றில் இன பேதம் காட்டக்கூடாது என்று 12(3) சொல்கிறது. அந்தப் பட்டியலில் வாடகை வீடு இல்லை. அதை அங்கே சேர்க்க வேண்டும் என்று எவரும் உரத்துக் கேட்காதது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

காசு விசயம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று முற்பணம் கேட்பார்கள். வீட்டைப் பார்க்காமல், சாவி வாங்காமல் தரகர் கையில் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வங்கி மூலம் அனுப்பி, பற்றுச்சீட்டு வாங்குங்கள். குடிபோகும் நாளில் மின்மானி இலக்கத்தையும் சுவரிலுள்ள வெடிப்புகளையும் படமெடுத்து வீட்டுக்காரரின் வட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். முற்பணத்தில் கழிப்பது பற்றிய சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

கடைசியாக, வாக்காளர் இடாப்பு. பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்கும்போது அதைத்தான் கேட்பார்கள். பெயர் பதிந்தால் வீட்டில் உரிமை வந்துவிடும் என்று வீட்டுக்காரர் நினைப்பார். வராது. குடிபோகும் முன், உறுதி எழுதும் அன்றே இதைக் கேட்டுவிடுங்கள். நான் பிந்திக் கேட்டேன். என் பெயர் இன்னும் புதுக்குடியிருப்பில்தான் இருக்கிறது.