அயல்நாட்டுத் தொண்டரும் வீடு கட்டும் வேலையும்

ஜார்ஜ் டவுனின் நெருக்கடியான தெருக்களிலிருந்து இரும்பு வியாபாரத்தை அகற்றும் பொருட்டு ஏற்படுத்தப்பட்டது சாத்தாங்காட்டுச் சந்தை. அவ்வழியே போவோர் நாள்தோறும் லாரிகளில் கம்பியும் தகடும் ஏற்றப்படுவதைக் காண்பர். வீடு கட்ட வேண்டிய கம்பி இங்கே உண்டு, சிமென்டு உண்டு, கொத்தனாரும் சித்தாளும் உண்டு. கையிற் பணமிருப்பின் மறுநாளே வேலை தொடங்கலாம். அங்ஙனமிருக்க, கடல் கடந்த ஒரு திருச்சபையார், இடிந்துபோன வீடுகளைக் கட்டித்தரவென்று தம் வாலிபரை நம் நாட்டுக்கு அனுப்புவார்களாயின், அவ்வாலிபர் எதைக் கொண்டுவருகின்றனர்? அவர்களை ஏற்று, இடங்காட்டி, வேலை பகிர்ந்து கொடுக்கும் மேற்பார்வையாளரின் பொழுதெல்லாம் இவ்வொரு வினாவுக்கு விடை தேடுவதிலேயே கழிகின்றது. விடுமுறையில் இத்தகைய தொண்டுக்குச் செல்ல விரும்பும் நம் மாணவர்க்குப் பயன்படுமென்று கருதி அவ்வேலையின் இயல்பை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

நம் தேசத்தில் இதற்குத் தக்க உதாரணம் பீகாரிலே கிடைக்கின்றது. 1934-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15-ஆந் தேதி பிற்பகலில் அங்கே பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. பீகாரில் மட்டும் 7,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகள் இடிந்தது போதாதென்று, பூமி வெடித்த பிளவுகளின் வழியே நீரும் மணலும் பீறிட்டு வயல்களை மூடின. ஆறுகளும் வடிகால்களும் மேடிட்டன. முன்பு வெள்ளம் ஏறாத ஊர்களிலும் வெள்ளம் ஏறலாயிற்று. ஆதலால் பழைய இடத்திலேயே சுவரை எழுப்பிவிட்டால் போதும் என்னும்படியாக இல்லை. சில கிராமங்களை மேட்டு நிலத்துக்கே பெயர்க்க வேண்டியதாயிற்று. அப்போது சிறையிலிருந்த ராஜேந்திர பிரசாத் அவர்கள் விடுதலை பெற்று வந்து, பீகார் மத்திய நிவாரணக் குழுவைத் தலைமை தாங்கி நடத்தினார்.

இச்செய்தி சுவிட்சர்லாந்திலிருந்த பியர் செரெசோல் என்பவரின் உள்ளத்தைத் தொட்டது. அவர் ஒரு பொறியியலாளர். அந்நாட்டுக் குடியரசின் தலைவராக இருந்தவரின் புதல்வர். பின்னாளில் குவேக்கர் என்னும் நண்பர் சபையிற் சேர்ந்தவர். போர்ப்பயிற்சிக்குப் பதிலாக வாலிபர் மண்வெட்டி ஏந்தட்டும் என்பது அவர் கொள்கை. 1920-இல், வெர்டூன் போர்க்களத்தருகே சிதைந்து கிடந்த ஒரு பிரெஞ்சுக் கிராமத்தில், பகைநாட்டாராயிருந்த ஜெர்மானியரையும் சேர்த்துக்கொண்டு அவர் வேலை தொடங்கினார். அது சில மாதங்களில் தடைப்பட்டது. ஆயினும் 1928-இல் லிக்டன்ஸ்டைன் என்னும் சிறு தேசத்து வயல்களை வெள்ளம் கல்லும் மண்ணுமாக மூடியிருந்தபோது, பல நாடுகளிலிருந்தும் 700-க்கு மேற்பட்ட தொண்டர் அவரோடு சேர்ந்து அவற்றை அகற்றினர்.

பீகாருக்கு அவ்வாறு நூற்றுக்கணக்கானோரை அழைத்துவர இயலவில்லை. 1934-க்கும் 1937-க்கும் இடையே அவரோடு வந்த ஐரோப்பியர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. முசபர்ப்பூர் ஜில்லாவில், நிவாரணக் குழுவாரின் ஒத்துழைப்போடு, மண் கொட்டி மேடாக்கிய நிலத்தில் புதிய ஊர்களை அமைக்கும் பணியில் அவர்கள் ஈடுபட்டனர். அவ்வூர்களுள் ஒன்று சாந்திபூர் எனப் பெயர் பெற்றது.

இங்கேதான் நாம் முன்பு எழுப்பிய வினா முளைக்கின்றது. கூலி மலிவான நாட்டிலே, வெயிலில் பழக்கமற்ற ஓர் ஐரோப்பியர் ஒரு நாளில் வெட்டும் மண், அவ்வூர்க் குடியானவன் வெட்டும் மண்ணில் எத்தனை பங்கு? அவர் கப்பலேறி வந்த செலவில் எத்தனை பேருக்கு நாட்கூலி கொடுத்திருக்கலாம்? கூலியையே நம்பியிருக்கும் ஏழைக்குரிய வேலையை அன்பின் பெயரால் இவர் பறித்துக்கொள்ளவில்லையா? கணக்கு மட்டுமே பார்ப்பவன் இவர் வராதிருந்தால் நலம் என்றே சொல்வான். அவன் சொல்வது முற்றிலும் தவறென்று நமக்குத் தோன்றவில்லை. ஆனால், மண் சுமப்பது இழிகுலத்தார் தொழில் என்று மேட்டுக்குடியார் ஒதுங்கி நின்று பார்க்கும் ஊரிலே, படித்த ஒருவர், அதிலும் ஆளும் இனத்தாரின் நிறமுடைய ஒருவர், கூலியாளோடு சேர்ந்து கூடை தூக்கினார் என்பதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பத்தி கிடையாது. வெட்டிய மண்ணின் அளவால் இதனை மதிப்பிடுவது பொருந்தாது.

எனவே மேற்பார்வையாளர் செய்யவேண்டிய முதற்காரியம் வேலையைப் பிரிப்பதாம். கொத்தனார் வேலை கொத்தனார்க்கே. அவர்க்குரிய கூலியும் குறையாது கொடுக்கப்படவேண்டும். தொண்டர்க்கு உரியன செங்கல் எடுத்துக்கொடுத்தல், மண் நிரவுதல், தண்ணீர் ஊற்றிச் சுவரை நனைத்தல் முதலியன. மட்டப்பலகையும் தூக்குக்குண்டும் அறியாத கை சுவரிலே பட்டால், மறுநாள் மேஸ்திரி அதனை இடித்துக் கட்டுவார். தொண்டர் மனம் நோவாதபடி அதனை அவர் இல்லாத வேளையிற் செய்யச் சொல்வதும் மேற்பார்வையாளர் தலையில் விழும்.

அவருடைய நாள் விடியுமுன் தொடங்குகின்றது. கடப்பாரை, மண்வெட்டி, கூடை ஆகியவற்றை எண்ணிக் கொடுத்து மாலையில் எண்ணி வாங்கவேண்டும். குடிநீரைக் காய்ச்ச ஏற்பாடு செய்யவேண்டும். வயிற்றுப்போக்குக் கண்ட ஒரு தொண்டரால் இரண்டு பேருடைய வேலை நின்றுபோகும், அவர் வேலையும் அவரைப் பார்த்துக்கொள்பவர் வேலையும். பிற்பகலில் மொழிபெயர்ப்பு. சமையலறை எத்திசையில் இருக்கவேண்டும் என்று வீட்டுக்காரி சொல்லுவதை, வரைபடம் போட்டவர் செவியில் விழும்படி சொல்லவேண்டும். எல்லாவற்றினும் கடினமானது, யாருடைய வீடு முதலில் என்ற வழக்கு. இதனை அயல்நாட்டார் தீர்க்கப் புகின் ஊர் இரண்டுபடும். ஊர்க்கூட்டத்தாரே தீர்க்கும்வரை, செங்கல் அடுக்கியபடி கிடந்தாலும், காத்திருத்தலே முறை. இரவில் நன்கொடையாளர்க்குக் கடிதமும் கணக்கும்.

கணக்கு என்றதும் நம் தமிழர் ஒருவரைக் குறிப்பிடாமல் மேற்செல்ல மனமில்லை. பீகார் நிவாரண நிதியின் வரவுசெலவுகளைக் கண்காணித்தவர் 1892-இல் தஞ்சையிற் பிறந்து, இங்கிலாந்திலே கணக்காயர் பயிற்சி பெற்ற கிறிஸ்தவராகிய ஜே. சி. குமரப்பா அவர்கள். தொண்டர் ஒருவரின் உணவுக்கு நாளொன்றுக்கு 3 அணா என்று அவர் திட்டம் செய்திருந்தார். காந்தியடிகள் பரிவாரத்தோடு பீகாருக்கு வந்தபோது, அவர்களுடைய செலவையும் நிதியினின்று கொடுக்க இயலாது என்று மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். காந்தியடிகளும் காரணத்தைக் கேட்டு ஒப்புக்கொண்டார். செரெசோலின் மண்வெட்டியைப் புகழ்வோர் பலர். குமரப்பாவின் பேரேடு அதனினும் அரிய தொண்டு என்பது நம் கருத்து.

நம் கரைக்கும் இத்தகைய நாள் வந்தது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆந் தேதி ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. திருவொற்றியூர், எண்ணூர்க் குப்பங்களும் தப்பவில்லை. 2005 மார்ச்சு 30-இல் அரசினர் வெளியிட்ட ஆணையின்படி, திருச்சபைகள் உட்படத் தொண்டு நிறுவனங்கள் ஊர்களை ஏற்று வீடு கட்டலாயின. வீடொன்றின் மதிப்பு ஒன்றரை லட்சம் ரூபாய். நாகப்பட்டினம் முதலிய ஜில்லாக்களில் தனிவீடுகள் எழும்ப, நிலம் கிடைத்தற்கரிய வடசென்னையில் குடிசை மாற்று வாரியத்தாரின் அடுக்குவீடுகளே எர்ணாவூர் முதலிய இடங்களில் எழும்பின. அடுக்குவீட்டுச் சாரத்தின்மேல் இரண்டு வாரத் தொண்டருக்கு வேலையில்லை. படகும் வலையும் மூன்றாம் மாடிக்கு ஏறா என்பதை எடுத்துச் சொல்ல ஓர் ஆளும், குடும்பங்களின் பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்க ஓர் ஆளுமே தேவைப்பட்டனர்.

புதிய வீட்டின் உரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதியப்படவேண்டும் என்பது அவ்வாணையின் நல்ல அம்சங்களுள் ஒன்று. விதவையின் பெயர் விடுபட்டதா, மகன் பெயர் நுழைந்ததா என்று பார்ப்பதும், அலுவலகத்துக்கு நான்கு நடை நடப்பதும், முதல் மழையில் ஒழுகும் கூரைக்கு மேஸ்திரியைத் திரும்ப அழைப்பதும் தொண்டர் விமானமேறிய பின்னரே நிகழ்வன. ஆகையால், இப்பணியிற் சேர விரும்பும் மாணவர் எத்தனை நாள் தங்கக்கூடும் என்பதை மேற்பார்வையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவாராக. அதற்கேற்ப அவர் கையில் கூடையோ பேரேடோ கொடுக்கப்படும்.