மூன்றாம் எண் வெளியே வந்தபோது

கடைசிப் பத்து நிமிடங்கள் – 14

2000-ஆம் ஆண்டு ஜூலை 2. ராட்டர்டாம் நகரின் ஃபெயனோர்ட் மைதானம். யூரோ கோப்பை இறுதிப் போட்டியில் 86-வது நிமிடம். இத்தாலி 1, பிரான்ஸ் 0. கோட்டருகே நிற்கும் நான்காவது நடுவர் பலகையைத் தூக்குகிறார். வெளியே வரவேண்டியவரின் எண் 3. பிரான்ஸின் இடது பின்கள வீரர் பிசெந்தே லிசராசு ஆட்டத்தைவிட்டு வெளியேறுகிறார். உள்ளே ஓடுகிறவர் ராபர்ட் பிரேஸ். இவருக்குத் தடுப்பாட்டம் வேலை அல்ல. ஓரத்தில் பந்தோடு ஓடி, உள்ளே வெட்டி, மற்றவர்களுக்குக் கோல் வாய்ப்பு உண்டாக்கித் தருபவர்.

ஒரு கோல் பின்தங்கியிருக்கும் அணி, நான்கு பேர் கொண்ட தன் காவல் வரிசையில் ஒருவரைத் தானே எடுத்துவிட்டது. அவரும் அந்த இடத்தில் அன்றைய உலகின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர்.

சென்ற வாரம் ஆம்ஸ்டர்டாம் அரையிறுதியைப் பார்த்தோம். 34-வது நிமிடத்திலேயே ஜாம்பிரோட்டா சிவப்பு அட்டை வாங்கிப் போன பிறகும், பத்துப் பேரை வைத்துக்கொண்டு இத்தாலி 120 நிமிடம்வரை கோல் விடாமல் நின்றது. ஆட்டத்துக்குள்ளேயே கிடைத்த இரண்டு பெனால்டிகளை நெதர்லாந்து வீணாக்கியது. நெஸ்டா, கன்னவாரோ, யூலியானோ, இரு பக்கமும் மால்டினியும் பெஸ்ஸோட்டோவும், பின்னால் டோல்டோ. அந்தச் சுவர்தான் மூன்றே நாளில் ராட்டர்டாமுக்கு வந்தது. 55-வது நிமிடத்தில் டோட்டி குதிகாலால் தட்டிவிட்ட பந்தை பெஸ்ஸோட்டோ குறுக்கே அனுப்ப, டெல்வெக்கியோ கோலாக்கினார். இத்தாலிக்கு ஒரு கோல் கிடைத்துவிட்டால் மீதி நேரத்தை எப்படிக் கழிப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரான்ஸின் பயிற்சியாளர் ரோஜர் லெமேர். 1998-ல் உலகக் கோப்பை வென்ற எமே ஜாக்கேயின் உதவியாளராக இருந்து, அவர் விலகியதும் பொறுப்புக்கு வந்தவர். அன்றைய விதிப்படி அவர் கையில் மூன்று மாற்றங்கள் இருந்தன.

கோல் விழுந்த மூன்றாவது நிமிடத்தில், அதாவது 58-ல், முதல் மாற்றம். கிறிஸ்டோஃப் டுகாரி வெளியே, சில்வைன் வில்டோர் உள்ளே. 76-ல் இரண்டாவது. யூரி ஜோர்காயெஃப் வெளியே, டேவிட் ட்ரெஸெகே உள்ளே. 86-ல் லிசராசு. இந்த மூன்று மாற்றங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் உள்ளே போன மூவரைத்தான் பேசுகிறார்கள். எனக்கு வெளியே வந்த மூவர்மேல்தான் கண். டுகாரியும் லிசராசுவும் போர்டோ கிளப் நாள்களிலிருந்து பிரான்ஸ் நடுக்கள வீரர் ஜிடேனின் தோழர்கள். 1996-ல் அந்தக் கிளப் யுஇஎஃப்ஏ கோப்பையின் இறுதிவரை போனபோது மூவரும் ஒன்றாக ஆடியவர்கள். ஜோர்காயெஃப் இதே தொடரின் காலிறுதியில் ஸ்பெயினுக்கு எதிராக வெற்றி கோல் அடித்தவர். மூவரும் இரண்டாண்டு முன்பு உலகக் கோப்பை வென்ற அணியினர். பெஞ்சில் இருக்கும் நல்ல வீரரை உள்ளே அனுப்ப யாருக்கும் மனசு வரும். இப்படிப்பட்டவர்களிடம் ‘நீ வெளியே வா’ என்று சொல்லத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

இனி களத்துக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம். 76-வது நிமிடம்வரை பிரான்ஸின் முன்வரிசையில் தியரி ஹென்றி தனியாள். எதிரே மூன்று மையத் தடுப்பாளர்கள். ஒருவர் அவரோடு ஒட்டிக்கொள்ள, மற்ற இருவர் வரும் பந்தையெல்லாம் வாரி வெளியே அடிக்கலாம். ட்ரெஸெகே வந்ததும் ஒருவருக்கு ஒருவர் என்று இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள், மிச்சம் ஒருவர்தான். ட்ரெஸெகே உயரமான ஆள் என்பதால் நீளப் பந்தும் இப்போது பயனுள்ள பந்தாகிவிட்டது. வில்டோரும் பிரேஸும் ஓரங்களைப் பிடித்ததும் மால்டினியும் பெஸ்ஸோட்டோவும் முன்னே ஏற வழியில்லாமல் பின்வாங்கினார்கள். ஐந்து பேர் சொந்தப் பெட்டிக்குள் நின்றால், அடித்துவிரட்டும் பந்தை நடுவில் வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது. அது மறுபடி மறுபடி திரும்பி வரும்.

அப்படிப்பட்ட நேரத்தில் இடது பின்கள வீரர் காவல்காக்க வேண்டியவர் யார்? அந்தப் பக்கம் எதிரி வருவதே நின்றுவிட்டது. லெமேர் எடுத்தது, வேலை குறைந்துபோன ஓர் இடத்தை.

காகிதத்தில் இது சரி. ஆனால் இதற்குச் சற்று முன்னால், 84-வது நிமிடத்தில்தான், இத்தாலியின் முன்கள வீரர் டெல் பியரோ தனியாகக் கோலை நோக்கி வந்து, பிரான்ஸ் கோல்கீப்பர் பார்தேஸ் தடுத்ததால் பிரான்ஸ் பிழைத்தது. அவரே 59-வது நிமிடத்தில் இதைப்போலவே ஒரு வாய்ப்பை வெளியே அடித்திருந்தார். தன் பின்வரிசை திறந்து கிடப்பதைக் கண்ணால் பார்த்த கையோடு அந்த வரிசையிலிருந்து இன்னொருவரை எடுத்தார் லெமேர். லீக் ஆட்டமாக இருந்தால் கோல் வித்தியாசம் என்று ஒரு கணக்கு உண்டு; 0-1 தோல்வியைவிட 0-3 தோல்வி மோசம். இறுதிப் போட்டியில் இரண்டுக்கும் அதே வெள்ளிப் பதக்கம்தான். இந்தக் கணக்கு தெரியாத பயிற்சியாளர் கிடையாது. தெரிந்தும், ‘கௌரவமாகத் தோற்றோம்’ என்ற பேராவது மிஞ்சட்டும் என்று கடைசி மாற்றத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஆட்டத்தை முடித்தவர்கள் ஏராளம். எனக்கு அது மன்னிக்கவே முடியாத தவறாகத் தோன்றுகிறது.

இன்னொரு விலையும் இருந்தது. பிரான்ஸ் சமன் செய்துவிட்டால் கூடுதல் நேரம். அப்போது ‘தங்க கோல்’ விதி நடைமுறையில் இருந்தது. கூடுதல் நேரத்தில் முதல் கோல் அடிக்கும் அணி அந்த நொடியே வென்றுவிடும். அந்த அரை மணி நேரத்தை, மாற்ற யாரும் மிச்சமில்லாமல், தூராம், பிளாங், தெசாயி என்ற மூவரை மட்டும் பின்னால் வைத்து ஆடவேண்டி வரும். நான்கு நிமிடத்துக்காக எடுத்த முடிவுக்கு முப்பது நிமிட வட்டி.

எதிர்ப் பெஞ்சில் டினோ ஸோஃப். 1982-ல் தன் 40-வது வயதில் கேப்டனாக உலகக் கோப்பையைத் தூக்கிய கோல்கீப்பர். அவரும் 86-வது நிமிடத்தில்தான் தன் கடைசி மாற்றத்தைச் செய்தார். டெல்வெக்கியோவை எடுத்து மோன்டெல்லாவை இறக்கினார்; முன்கள வீரருக்கு முன்கள வீரர். அன்று பந்தைப் பிடித்து நிறுத்தி, பின்னால் இருப்பவர்களுக்கு மூச்சுவிட இடம் கொடுத்துக்கொண்டிருந்த உயரமான ஆள் டெல்வெக்கியோ. மோன்டெல்லா குள்ளமானவர், அவருடைய ஆட்டம் வேறு. முன்னிலையில் இருப்பவரின் மாற்றமும் பின்தங்கியவரின் மாற்றமும் ஒரே நிமிடத்தில் நடந்தன. ஒன்று ஆட்டத்தின் உருவத்தையே மாற்றியது. மற்றது ஆளை மட்டும் மாற்றியது.

கூடுதலாகக் கொடுத்த நேரமும் முடியும் தறுவாய். இத்தாலியின் பெஞ்சில் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். பார்தேஸ் பின்னாலிருந்து நீளமாக ஒரு பந்தை அடிக்கிறார். ட்ரெஸெகே தலையால் தட்டிவிடுகிறார். கன்னவாரோ எட்டித் தலையில் தொட்டும் பந்து விலகவில்லை. இடப்பக்கம் வில்டோர். இடது காலால் தாழ்வாக ஒரு அடி. டோல்டோவின் கைக்கு அடியில் புகுந்து உள்ளே போனது. 1-1.

103-வது நிமிடம். இடது ஓரம், லிசராசு விட்டுப் போன அதே பக்கம். பிரேஸ் பந்தோடு உள்ளே புகுந்து பின்னால் இழுத்துக் கொடுக்கிறார். ட்ரெஸெகே இடது காலால் அடித்த பந்து வலையின் கூரையில் மோதியது. ஆட்டம் அத்தோடு முடிந்தது. வில்டோர், ட்ரெஸெகே, பிரேஸ் மூவரும் பெஞ்சிலிருந்து வந்தவர்கள். இரண்டு கோலிலும் அவர்கள் கால்தான்.

மாற்று வீரர் என்ற ஏற்பாடே உலகக் கோப்பையில் 1970-ல்தான் வந்தது. அந்த முதல் தொடரிலேயே, லியோன் நகரின் கொளுத்தும் வெயிலில் நடந்த காலிறுதியில், இங்கிலாந்திடம் 0-2 என்று பின்தங்கியிருந்த மேற்கு ஜெர்மனிக்காக ஹெல்முட் ஷோன் கிராபோவ்ஸ்கியை ஓரத்தில் இறக்கினார். களைத்துப்போன இங்கிலாந்து இடது தடுப்பாளரை அவர் படாதபாடு படுத்தினார். ஜெர்மனி 3-2 என்று வென்றது. அங்கே வென்றது பெரும்பாலும் களைக்காத கால்கள்தான். லெமேர் செய்தது அதைவிடச் சிக்கலான காரியம்.

வில்லனோவா பல்கலைக்கழகத்தின் பிரெட் மையர்ஸ் 2012-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. தோற்றுக்கொண்டிருக்கும் அணி முதல் மாற்றத்தை 58-வது நிமிடத்துக்குள்ளும், இரண்டாவதை 73-க்குள்ளும், மூன்றாவதை 79-க்குள்ளும் செய்துவிட வேண்டும் என்பது அதன் முடிவு. பயிற்சியாளர்கள் பொதுவாகத் தாமதிக்கிறார்கள் என்ற அதன் குற்றச்சாட்டு நியாயமானது. லெமேரின் கணக்கு 58, 76, 86. முதலாவது சரியாகப் பொருந்துகிறது, மற்ற இரண்டும் தாமதம். ஆனால் 79-ல் லிசராசுவை எடுத்திருந்தால், 84-க்குள் டெல் பியரோவுக்கு இன்னும் எத்தனை வாய்ப்பு திறந்திருக்கும்? கடிகாரம் மட்டும் பதில் சொல்லும் கேள்வி இல்லை இது. எத்தனை மணிக்கு என்பதோடு, யாரை, எந்த இடத்திலிருந்து என்பதும் சேர்ந்துதான் விடை.

லெமேரை மந்திரவாதியாக்கவும் எனக்கு மனமில்லை. டெல் பியரோவின் இரண்டு வாய்ப்புகளில் ஒன்று உள்ளே போயிருந்தால், பின்வரிசையைக் கலைத்துக் கோப்பையைத் தொலைத்தவர் என்றுதான் அவரைப் பற்றி எழுதியிருப்பார்கள். இரண்டே ஆண்டில், 2002 உலகக் கோப்பையில், அவருடைய பிரான்ஸ் மூன்று ஆட்டத்தில் ஒரு கோல்கூட அடிக்காமல் முதல் சுற்றிலேயே வெளியேறியது. ஸோஃபின் கதை இன்னும் துயரமானது. ஜிடேனுக்குத் தனிக்காவல் போடவில்லை என்று இத்தாலிய அரசியல்வாதி பெர்லுஸ்கோனி பகிரங்கமாகக் கடிந்துகொள்ள, அந்த அவமானத்தைப் பொறுக்காமல் ஸோஃப் பதவியைத் துறந்தார். கோப்பைக்கும் அவருக்கும் நடுவே நின்றது ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம்.

அன்று ராட்டர்டாமில் கோப்பையைத் தூக்கிய பிரான்ஸ் கேப்டன் டிடியே தெஷாம். 22 ஆண்டு கழித்து, 2022 டிசம்பர் 18 அன்று, கத்தாரின் லுசைல் மைதானத்தில் அவர் பயிற்சியாளராக நின்றார். உலகக் கோப்பை இறுதி. அர்ஜென்டினா 2, பிரான்ஸ் 0. இடைவேளைக்குக்கூடக் காத்திராமல் 41-வது நிமிடத்தில் ஜிரூவையும் டெம்பெலேயையும் வெளியே அழைத்தார். ஜிரூ அப்போது பிரான்ஸுக்காக அதிக கோல் அடித்தவர். உள்ளே துராமும் கோலோ முவானியும் போனார்கள். இந்தத் துராம், ராட்டர்டாமில் பின்வரிசையில் நின்ற தூராமின் மகன் மார்கஸ். 71-வது நிமிடத்தில், அணியின் மூளையாக இருந்த கிரீஸ்மனையும் இடது பின்கள வீரர் தியோ ஹெர்னாண்டஸையும் எடுத்தார். கோமானும் கமவிங்காவும் வந்தார்கள். மறுபடியும் இடது பின்கள வீரர்.

80-வது நிமிடம்: கோலோ முவானியை ஒட்டமெண்டி வீழ்த்த, பெனால்டி; எம்பாப்பே கோல். அடுத்த நிமிடமே மெஸ்ஸியின் காலிலிருந்து கோமான் பந்தைப் பறிக்க, துராம் தூக்கிக் கொடுக்க, எம்பாப்பே மறுபடி. ராட்டர்டாமில் கேப்டனாக நின்று பார்த்ததை தெஷாம் மறக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஆட்டம் 3-3 ஆகி பெனால்டி ஷூட்டுக்குப் போனது. அங்கே கோமானின் அடியை எமிலியானோ மார்ட்டினெஸ் தடுத்தார். கோப்பை அர்ஜென்டினாவுக்கு. கிரீஸ்மன் களத்தில் இருந்திருந்தால் பெனால்டி அடிக்க வரும் முதல் ஆள்களில் ஒருவராக இருந்திருப்பார். ஆனால் 71-வது நிமிடத்தில் அவரை எடுக்காமல் இருந்திருந்தால் ஷூட்டே வந்திருக்குமா? எனக்கு எடுத்ததுதான் சரி என்று படுகிறது.

ராட்டர்டாமுக்கே திரும்புகிறேன். அந்தக் கோடையில் ட்ரெஸெகே யுவென்டஸ் கிளப்பில் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பக்கத்தில் நின்று ஆடியவர் டெல் பியரோ. இத்தாலியை வீழ்த்தியவரும், அதைக் காப்பாற்றியிருக்கக் கூடியவரும் பத்து ஆண்டு ஒரே சட்டை போட்டுக்கொண்டார்கள். 2006-ல், பெர்லினில், உலகக் கோப்பை இறுதியில் இதே இரு நாடுகள் மோதின. இருவரும் பெஞ்சிலிருந்துதான் இறங்கினார்கள். டெல் பியரோ வந்தது 86-வது நிமிடத்தில். ஹென்றிக்குப் பதிலாக வில்டோர் வந்தார், ரிபெரிக்குப் பதிலாக ட்ரெஸெகே. பெனால்டிகளில் டெல் பியரோவும் வில்டோரும் கோல் அடித்தார்கள். ட்ரெஸெகே அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது, கோட்டைத் தாண்டாமல்.

அடுத்த வாரம் பெர்லின்.