ஏரியிலே விரியட்டும் பாய்!

திண்டுக்கல் என்றவுடன் நேயர்களின் நினைவுக்கு வருவன பூட்டு, புகையிலை, ஊரின் தலைமேல் ஓங்கி நிற்கும் மலைக்கோட்டை ஆகியவையே. கடலோ வெகு தொலைவு. வற்றாத நதியும் கிடையாது. இத்தகைய ஊர்ச் சிறுவர்களுக்குப் பாய்மரப் படகு செலுத்தக் கற்பிக்க வேண்டும் என்று நாம் எழுதப் புகுந்தால், "படகைக் கோட்டையின் மேலா விடுவது?" என்று சிலர் நகைக்கக்கூடும். அவர்கள் சற்றுப் பொறுத்து நாம் சொல்வதையும் கேட்குமாறு வேண்டுகிறோம்.

முதலில் நமது ஜில்லாவின் பழங்கதையைப் பார்ப்போம். மதுரைக் கலெக்டர் பதவி வகித்த லெவிஞ்ச் துரை, 1863-ஆம் ஆண்டில் கொடைக்கானலில் ஓடையை மறித்து ஏரி உண்டாக்கினார். அதில் மிதந்த முதற் படகு தூத்துக்குடியிலிருந்து மலையேறி வந்தது. 1890-இல் அங்கே படகுச் சங்கம் ஏற்பட்டது. ஆனால் பொதுஜனங்களுக்கு அதன் கதவு திறந்தது 1932-இல் தான்! சென்னைத் துறைமுகத்தில் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் 1911-இல் தொடங்கிய ராயல் மதராஸ் யாட் கிளப்பும் துரைமார்களின் பொழுதுபோக்குக்காகத் தோன்றியதே.

காற்றைக் கொண்டு கலம் செலுத்தும் கலையைத் தமிழனுக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. சோழர் மரக்கலங்கள் கீழ்க்கடலைக் கடந்தன. தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்து இலங்கைக்குச் சென்று வந்தன. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, கடல் நம்முடையது என்பதை உலகறியச் செய்தார். கலை நம்முடையதாயிருக்க, விளையாட்டு மாத்திரம் செல்வருடையதாய் நின்றுவிட்டது. அதனை நம் குழந்தைகளுக்கு மீட்டுத் தருவது எப்படி என்பதே இங்கு நமது கேள்வி.

எளியோர்க்கு ஒரு படகு

விடை ஒரு சிறிய படகில் இருக்கிறது. அமெரிக்காவில் ப்ளோரிடா மாகாணத்துக் கிளியர்வாட்டர் என்னும் ஊரில், எல்லாச் சிறுவர்களும் ஓட்டத்தக்க மலிவான படகு வேண்டும் என்று மேஜர் கிளிஃபர்டு மக்கே என்பவர் விரும்பினார். படகு கட்டுவதில் வல்லவரான கிளார்க் மில்ஸ் 1947-இல் அதனை அமைத்துக் கொடுத்தார். எட்டடி நீளமுள்ள இரண்டு ஒட்டுப்பலகைகளில் அறுத்தெடுக்கக் கூடியது. நீளம் எட்டடிக்குச் சற்றுக் குறைவு. எடை சுமார் 35 கிலோ. ஒரே ஒரு பாய். உள்ளூர் வியாபாரிகள் ஆளுக்கொரு படகுக்குப் பணம் உதவினார்கள். 'ஆப்டிமிஸ்ட்' என்று, அதாவது 'நம்பிக்கையுள்ளவன்' என்று, அதற்குப் பெயர். இன்று நூற்றுக்கு மேற்பட்ட தேசங்களில் பதினைந்து வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் இதிலேதான் பழகுகிறார்கள்.

ஒரு படகு, ஒரு குழந்தை: இதுவே இதன் சிறப்பு. சுக்கானும் பாய்க்கயிறும் அக்குழந்தையின் கையிலேயே இருக்கின்றன. காற்றை எதிர்த்து நேராகச் செல்ல எந்தப் பாய்மரப் படகாலும் இயலாது. இடமும் வலமுமாக மாறி மாறிச் சென்றுதான் எதிர்க்கரையை அடைய வேண்டும். எப்பொழுது திரும்புவது என்பதைக் குழந்தையே தீர்மானிக்கிறது. தவறினால் படகு கவிழ்கிறது. அதைத் தானே நிமிர்த்தி, ஏறி, மீண்டும் புறப்படுகிறது. இதைவிட நல்ல பாடம் எந்தப் பள்ளிக்கூடத்தில் கிடைக்கும்?

ஏரி தந்த வெற்றி

கடலில்லாத ஊரால் ஆகாது என்பார்க்குப் போபால் விடை சொல்லும். ராஜா போஜன் வெட்டுவித்ததாகச் சொல்லப்படும் பெரிய ஏரியின் கரையில் இருக்கிறது தேசியப் பாய்மரப் படகுப் பள்ளி. தேவாஸ் ஜில்லாவைச் சேர்ந்த உழவர் மகள் நேஹா டாகுர் அங்கே பயின்று, 2023-இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றாள். அதே போட்டியில் நமது வேலூர் விஷ்ணு சரவணன் வெண்கலம் பெற்றார். ஹைதராபாத் ஹுஸேன் சாகரில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பாய்மரப் படகு பழகுகிறார்கள்.

சென்னையின் நேத்ரா குமணன் 2009-இல் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடை முகாமில் முதன்முதல் படகேறிய சிறுமி. டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது, இத்துறையில் அவ்வாறு தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. பாரிஸிலும் 2024-இல் பங்கு கொண்டார். ஒரு கோடை முகாமின் பலன் என்னே!

நாம் செய்ய வேண்டியது

நிற்க. ஆத்தூர்க் காமராஜர் அணை திண்டுக்கல்லுக்குக் குடிநீர் தருவது. அதன் தூய்மையே முதன்மை. பழனியை அடுத்த பாலாறு பொருந்தலாறு அணை போன்ற பாசன நீர்நிலைகளையே முதலில் ஆராய வேண்டும். அதிகாரிகளின் அனுமதியும் உழவர்களின் சம்மதமும் இன்றி ஒரு படகும் இறங்கலாகாது.

கோடை விடுமுறையில் நீர் குறைந்திருக்கும். அப்பொழுது நீச்சல் கற்பிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் நிறைந்தபின், தை மாசியில் படகுப் பயிற்சி தொடங்கலாம். அம்மியைப் பறக்கடிக்கும் ஆடிக் காற்று புதியவர்களுக்கு ஆகாது. ஒவ்வொரு குழந்தைக்கும் மிதவைச் சட்டையும், அருகில் ஒரு காவற் படகும் இன்றியமையாதவை.

முகாம் முடிந்ததும் கலைந்துவிடும் கூட்டத்தால் பயனில்லை. ஆறு படகுகள், ஒரு தேர்ந்த ஆசிரியர், ஞாயிறுதோறும் சிறு பந்தயம் ஆகியவை இருந்தால் சங்கம் வளரும். முதல் ஆண்டில் கற்றவர்கள் மறு ஆண்டில் இளையோருக்குத் துணையாசிரியர்களாகட்டும். பெண் குழந்தைகளுக்குச் சரிபாதி இடம் இருக்கட்டும். பூட்டு வியாபாரியும் புகையிலை வியாபாரியும் ஆளுக்கொரு படகு அளிக்கலாகாதா? நம்மூர்த் தச்சரின் கைக்கு இது அரிய வேலையா?

ஆண்டுதோறும் கிணற்றிலும் குளத்திலும் நீந்தத் தெரியாமல் மூழ்கி மாளும் சிறுவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்து வருந்துகிறோம். பதக்கம் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் குறையில்லை. தண்ணீரைக் கண்டு அஞ்சாமலும், அதனை அலட்சியம் செய்யாமலும் வாழத் தெரிந்த ஒரு தலைமுறை இவ்வறண்ட சீமையில் உருவாகுமாயின், அதுவே பெரும் பேறு. அதற்கு முதற் படகை வாங்கித் தரப்போகும் புண்ணியவான் யார்?