சுருக்கொப்பம் போட்டாச்சு... கையெழுத்து எப்போ? ஆர்மீனியா - அஜர்பைஜான் அமைதி ஒப்பந்தம் எங்கே சிக்கி நிற்கிறது?

2025 ஆகஸ்ட் 8. வெள்ளை மாளிகையில் டிரம்ப் நடுவில் நிற்க, ஒரு பக்கம் ஆர்மீனியப் பிரதமர் நிகோல் பஷின்யான், மறுபக்கம் அஜர்பைஜான் அதிபர் இல்ஹாம் அலியேவ். இருவரும் கை குலுக்கிய படம் உலகம் முழுக்க ஓடியது. முப்பது வருஷத்துக்கும் மேலான சண்டை முடிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள்.

ஆனால் அன்றைக்கு அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகவே இல்லை. தலைவர்கள் கையெழுத்திட்டது ஒரு கூட்டுப் பிரகடனத்தில். ஒப்பந்தத்தில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் போட்டது வெறும் சுருக்கொப்பம். அதாவது, 'இந்த வாசகம் எங்களுக்குச் சம்மதம், இனி ஒரு வரியும் மாற்ற மாட்டோம்' என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். முழுக் கையெழுத்தும், இரு நாடாளுமன்றங்களின் ஒப்புதலும் வந்தால்தான் அது சட்டப்படி ஒப்பந்தம். அது இன்னும் வரவில்லை.

ஏன் வரவில்லை? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சண்டை எதுக்கு?

நாகோர்னோ-கராபாக். அஜர்பைஜானுக்குள் இருந்த மலைப்பகுதி. ஆனால் அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பான்மை ஆர்மீனியர்கள். சோவியத் ஆட்சியின் பெரும்பகுதியில் இது வெடிக்காமல் கிடந்தது. 1988-ல் 'எங்களை ஆர்மீனியாவோடு சேருங்கள்' என்று கராபாக் மக்கள் போராட்டத்தில் இறங்க, இரு பக்கமும் இனக் கலவரம் வெடித்தது. அஜர்பைஜானில் இருந்த ஆர்மீனியர்கள் ஓடினார்கள். ஆர்மீனியாவில் இருந்த அஜர்பைஜானியர்களும் ஓடினார்கள். சோவியத் யூனியன் உடைந்ததும் அது முழுப் போராகவே மாறியது. 1994-ல் போர் நிறுத்தம் வந்தபோது சுமார் 30,000 பேர் இறந்திருந்தார்கள். சுமார் 10 லட்சம் பேர் வீடிழந்திருந்தார்கள். கராபாக் மட்டுமல்ல, அதைச் சுற்றியிருந்த ஏழு அஜர்பைஜான் மாவட்டங்களும் முழுதாகவோ பகுதியாகவோ ஆர்மீனியத் தரப்பின் கையில் இருந்தன.

இதைக் கிறிஸ்தவ - இஸ்லாமிய மோதல் என்று சுருக்கிச் சொல்பவர்கள் உண்டு. அது சரியில்லை. ஷியா நாடான ஈரான் நெருக்கமாகப் பழகுவது, ஷியாக்கள் பெரும்பான்மையாக உள்ள அஜர்பைஜானோடு அல்ல, ஆர்மீனியாவோடு. இங்கே மதத்தைவிட நிலமும் எல்லையும்தான் பெரிசு.

அமெரிக்கா, பிரான்ஸ், ரஷ்யா தலைமையிலான 'மின்ஸ்க் குழு' கால் நூற்றாண்டுக்கு மேல் பேசிப் பேசியே ஓய்ந்தது. இதற்கிடையே எண்ணெய்ப் பணத்தில் அஜர்பைஜான் ராணுவம் பலமாகிவிட்டது. 2020 செப்டம்பர் 27-ல் போர் தொடங்கியது. துருக்கி டிரோன்கள் வானத்தில் வட்டமிட, 44 நாளில் ஆர்மீனியத் தரப்பு தோற்றது. ரஷ்யா குறுக்கே வந்து சுமார் 2,000 அமைதிப் படையினரை இறக்கியது. ஆனால் உக்ரைன் போரில் சிக்கிய பிறகு ரஷ்யாவின் கவனம் இங்கே இல்லை.

2022 டிசம்பரில், கராபாக்கை ஆர்மீனியாவோடு இணைத்த ஒரே சாலையான லாச்சின் பாதை முடங்கியது. மாதக் கணக்கில் உணவு, மருந்து, எரிபொருள் தட்டுப்பாடு. 2023 செப்டம்பர் 19-ல் அஜர்பைஜான் மறுபடி தாக்க, 24 மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அடுத்த சில நாட்களில் 1 லட்சத்துக்கும் அதிகமான ஆர்மீனியர்கள், கிட்டத்தட்ட அங்கிருந்த மொத்தப் பேரும், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஆர்மீனியாவுக்குக் கிளம்பிவிட்டார்கள். 2024 ஜனவரி 1-ல் கராபாக்கின் தனி அரசும் கலைக்கப்பட்டது.

தோற்றவர் ஏன் பேச வந்தார்?

ஆர்மீனியாவின் வரைபடத்தைப் பார்த்தால் பதில் புரியும். கடல் கிடையாது. அண்டை நாடுகள் நான்கு. அதில் அஜர்பைஜான் எல்லை மூடிக்கிடக்கிறது. அஜர்பைஜானுக்கு ஆதரவாக 1993-ல் துருக்கியும் எல்லையை மூடியது. மிச்சம் வடக்கே ஜார்ஜியா, தெற்கே ஈரான். சுமார் 30 லட்சம் பேர் வாழும் நாட்டுக்கு வெளியே போக இரண்டே வாசல்.

பஷின்யானின் கணக்கு இதுதான்: இழந்த நிலத்தைப் பேசிக்கொண்டே இருந்தால் இருக்கிற நாடும் கைவிட்டுப் போகும். அதனால் 'உண்மையான ஆர்மீனியா' என்றொரு கோஷத்தைப் பிடித்துக்கொண்டார். சர்வதேச அளவில் அங்கீகரிக்கப்பட்ட எல்லைக்குள் இருப்பது மட்டும்தான் நம் நாடு என்பது அதன் பொருள். பாஸ்போர்ட்டில் குத்தும் எல்லை முத்திரையில் இருந்த அராரத் மலைப் படத்தைக்கூட 2025 நவம்பரில் எடுத்துவிட்டார்கள். ஆர்மீனியர்கள் உயிராக நினைக்கும் மலை அது. ஆனால் இருப்பது துருக்கியில்.

உள்ளூரில் இதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 2024-ல் எல்லை அளவிடும்போது, 1990-களில் இருந்து ஆர்மீனியாவிடம் இருந்த நான்கு கிராமங்களின் நிலத்தை அஜர்பைஜானிடம் திருப்பிக் கொடுத்தார் பஷின்யான். எல்லையோர ஊர்க்காரர்கள் சாலையை மறித்தார்கள். பேராயர் ஒருவர் தலைமையில் தலைநகர் எரவானில் பெரும் கூட்டம் திரண்டது. ஆனாலும் எல்லைக்கல் நடப்பட்டது. இரு நாடுகளும் துப்பாக்கி இல்லாமல் வரைந்த முதல் 12.7 கிலோமீட்டர் எல்லை அது.

அதில் இன்னொரு விஷயமும் இருக்கு. ரஷ்யாவோ அமெரிக்காவோ நடுவில் இல்லாமல், இரு தரப்பும் நேருக்கு நேர் பேசி முடித்தது அது. 2023 டிசம்பரில் கைதிகளை மாற்றிக்கொண்டதும் அப்படித்தான். 32 ஆர்மீனியர்களை அஜர்பைஜான் விட்டது, 2 அஜர்பைஜானியர்களை ஆர்மீனியா விட்டது. பதிலுக்கு, பாகுவில் COP29 பருவநிலை மாநாடு நடத்த ஆர்மீனியா சம்மதித்தது. 2025 மார்ச்சில் ஒப்பந்த வாசகம் முடிவானதும் இதே நேரடிப் பேச்சில்தான். வெள்ளை மாளிகை கடைசியில் வந்து சேர்ந்த மேடை.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கு?

மொத்தம் 17 அம்சங்கள். சோவியத் காலத்து எல்லைகளே இனி சர்வதேச எல்லை. ஒருவர் நிலத்தை மற்றவர் இப்போதும் கேட்கக் கூடாது, இனியும் கேட்கக் கூடாது. எல்லையில் மூன்றாம் நாட்டுப் படை நிற்கக் கூடாது. ஒருவர் மேல் ஒருவர் சர்வதேச நீதிமன்றங்களில் போட்ட வழக்குகளை வாபஸ் வாங்க வேண்டும். தூதரக உறவு தொடங்க வேண்டும்.

என்ன இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். காணாமல் போனவர்களைத் தேடுவது பற்றி இருக்கிறது. ஆனால் வீட்டை விட்டு ஓடியவர்கள் திரும்பிப் போவது பற்றி எதுவும் இல்லை. பாகு சிறையில் இருக்கும் ஆர்மீனியக் கைதிகள், அவர்களில் கராபாக்கின் முன்னாள் தலைவர்களும் அடக்கம், அவர்களைப் பற்றியும் இல்லை. அகதியாக வந்த கராபாக் ஆர்மீனியர்கள் 'இது யாருக்கான அமைதி?' என்று கேட்பது இதனால்தான். அஜர்பைஜான் பக்கத்திலும் காயம் ஆறவில்லை. 1990-களில் துரத்தப்பட்டவர்கள் அக்தாம், ஃபுசூலி போன்ற ஊர்களுக்கு இப்போது திரும்புகிறார்கள். அங்கே அவர்களுக்காகக் காத்திருப்பது இடிந்த சுவரும் கண்ணிவெடியும்.

அப்போ முட்டுக்கட்டை எது?

அரசியல் சட்டம். ஆர்மீனிய அரசியல் சட்டத்தின் முகப்புரை, 1990-ம் ஆண்டு சுதந்திரப் பிரகடனத்தைச் சுட்டிக்காட்டுகிறது. அந்தப் பிரகடனமோ, ஆர்மீனியாவும் கராபாக்கும் இணைவதாக 1989-ல் போட்ட தீர்மானத்தைச் சுட்டிக்காட்டுகிறது. ஆக, 'உங்க சட்டத்திலேயே எங்க நிலத்துக்கு உரிமை கோரிக்கை இருக்கு, அதை எடுங்க, அப்புறம் கையெழுத்து' என்கிறது அஜர்பைஜான். அப்படி ஒரு உரிமை கோரிக்கை எங்கள் சட்டத்தில் இல்லை என்பது ஆர்மீனியாவின் பதில்.

முகப்புரையை மாற்ற வேண்டுமென்றால் புதிய அரசியல் சட்டமே கொண்டுவர வேண்டும். அதற்குப் பொது வாக்கெடுப்பு. ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல் ஆதரவு போதாது; மொத்த வாக்காளர்களில் நான்கில் ஒரு பங்காவது 'ஆம்' சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து நாடு கேட்டதற்காகச் சட்டத்தை மாற்றுகிறார் என்ற பேச்சு கிளம்பினால் அந்த எண்ணிக்கை கிடைப்பது கஷ்டம். 'இது எங்களுக்காகவே கொண்டுவரும் மாற்றம்' என்று பஷின்யான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

(ஆர்மீனிய அரசியல் சட்டத்துக்கும் சென்னைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 18-ம் நூற்றாண்டில், சொந்த நாடே இல்லாத காலத்தில், வருங்கால ஆர்மீனியக் குடியரசுக்கான சட்ட வரைவை அச்சிட்டவர்கள் மெட்ராஸில் இருந்த ஆர்மீனிய வணிகர்கள். பாரிமுனையில் ஆர்மீனியன் தெருவும் தேவாலயமும் இன்றும் இருக்கின்றன.)

டிரம்ப் பெயரில் ஒரு பாதை

அஜர்பைஜானின் நக்சிவான் பகுதி தாய்நாட்டில் இருந்து துண்டாகக் கிடக்கிறது. நடுவில் ஆர்மீனியாவின் தென் மாகாணமான சியூனிக். அதன் வழியே, ஈரான் எல்லையை ஒட்டி, சுமார் 43 கிலோமீட்டருக்கு ரயிலும் சாலையும் போட்டால் இரண்டும் இணைந்துவிடும். இந்தத் திட்டத்துக்குத்தான் 'டிரம்ப் பாதை' என்று பெயர். அஜர்பைஜான் முதலில் கேட்டது ஆர்மீனியக் கட்டுப்பாடே இல்லாத வழித்தடம். கடைசியில் ஒப்புக்கொண்டது, ஆர்மீனியச் சட்டத்துக்கு உட்பட்டு அமெரிக்கா மேம்படுத்தித் தரும் பாதை. தன் வாசலில் அமெரிக்கா வந்து உட்காருவதை ஈரான் ரசிக்கவில்லை. பேச்சு மேசையில் இருந்து ஓரங்கட்டப்பட்ட ரஷ்யாவும்தான்.

இந்தியாவும் இதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது. பினாகா ராக்கெட் முதல் பல ஆயுதங்களை ஆர்மீனியா வாங்குவது நம்மிடம். அஜர்பைஜானோ பாகிஸ்தானின் நண்பன். 2025 மே மாத மோதலில் பாகிஸ்தான் பக்கம் பேசியதால், 'பாகு டூர் போகாதீங்க' என்று இங்கே குரல் எழுந்தது நினைவிருக்கலாம். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில், அதுவரை ஆர்மீனியாவை ஒரு நாடாகவே அங்கீகரிக்காத பாகிஸ்தான் அதனோடு தூதரக உறவைத் தொடங்கிவிட்டது.

கையெழுத்து வராவிட்டாலும் சரக்கு வரத் தொடங்கிவிட்டது. ஆர்மீனியாவுக்குப் போகும் சரக்குகளைத் தன் மண் வழியே விடுவதற்கு இருந்த தடையை 2025 அக்டோபரில் அலியேவ் நீக்கினார். அடுத்த மாதமே கோதுமை ஏற்றிய ரயில்கள் அஜர்பைஜான், ஜார்ஜியா வழியாக ஆர்மீனியா வந்தன. டிசம்பரில் அஜர்பைஜானில் சுத்திகரித்த பெட்ரோலே ரயில் டேங்கர்களில் வந்து இறங்கியது.

அடுத்து 2026 ஜூனில் ஆர்மீனிய நாடாளுமன்றத் தேர்தல். அதில் பஷின்யான் தாக்குப்பிடித்தால், 2027-ல் அரசியல் சட்டத்துக்கான வாக்கெடுப்பு நடத்தத் திட்டம். அலியேவ் கேட்கும் மாற்றம் வருமா என்பதை அந்த ஓட்டுதான் சொல்லும்.